பன்னி போட்ட ரூபாய்

ஒரு வெள்ளி ரூபாய்க்கு ஐநூறு வீதம், மூன்று வெள்ளி ரூபாய்க்கு ஆயிரத்து ஐநூறு. எண்ணிக் கொடுத்தேன். ஆயா எண்ணாமலே வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டது. கிளிஞ்சல்மேட்டிலிருந்து காரைக்கால் பஸ் ஸ்டாண்டு வரும்வரை எனக்கு வாயெல்லாம் பல். சென்னை பஸ் தரங்கம்பாடியைத் தாண்டுவதற்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் உங்களையும் கொஞ்சம் யோசிக்க வைக்கலாம் என்று உத்தேசம்.

2019 டிசம்பர். சுனாமி வந்து பதினைந்து வருஷம். 'அன்றும் இன்றும்' என்று ஒரு கட்டுரை எழுதப் போயிருந்தேன். கிளிஞ்சல்மேடு மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26 காலையில் காரைக்கால் கடற்கரையில் கடல் ஏறி மிதித்த ஊர்களில் அதுவும் ஒன்று. பேட்டி எல்லாம் முடிந்து, கருப்பட்டிக் காபி மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். குடித்துக்கொண்டிருக்கும்போது, கூடை தூக்கி மீன் விற்ற காலத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு ஆயா உள்ளே போய் ஒரு சுருக்குப்பையை எடுத்து வந்தது.

"தம்பி, நீ பேப்பர்ல எழுதுற புள்ள. நாலு எடம் பாத்திருப்ப. இது ஏதும் பெறுமான்னு பாத்துச் சொல்லு."

உள்ளே மூன்று வெள்ளி ரூபாய்கள். ஒன்று எட்வர்ட் ராஜா தலை, 1907. இன்னொன்று ஜார்ஜ் ராஜா, 1918. மூன்றாவதும் ஜார்ஜ். திருப்பிப் பார்த்தேன். 1911.

எனக்கு நெஞ்சு ஒரு முறை நின்று ஓடியது. ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இருபது வருஷமாகக் காசு சேர்ப்பவனுக்கு முதலில் பழகுவது முகம்தான்.

"எப்படி ஆயா சுனாமியில இது தப்பிச்சுது?"

"வீட்டுல எங்க இருந்துச்சு? அடகுக் கடையில இருந்துச்சு. வீடு போச்சு, வல போச்சு, படகு போச்சு. அடகுல கெடந்தது மட்டும் மிஞ்சுச்சு."

கடன் காப்பாற்றிய சொத்து! பி.காம் படித்த எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தராத பாடம்.

பேரன் டிப்ளமோ சேர்ந்திருக்கிறான், ஃபீஸ் கட்டணும், விற்றுவிடலாமா என்று யோசனை. அடகுக் கடையில் ஒன்றுக்கு முன்னூறு தருகிறேன் என்றார்களாம். நான் ஐநூறு என்றேன். அன்றைய வெள்ளி விலைக்கு ஏறக்குறைய சரிதான். அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பாகம் வெள்ளி. ஆயாவுக்குச் சந்தோஷம். "ரொம்பக் குடுக்குறியே தம்பி" என்றது. அந்த வார்த்தைதான் பஸ்ஸில் என்னோடு ஏறி வந்தது.

இந்த 1911 ரூபாயில் அப்படி என்ன இருக்கிறது? பன்றி இருக்கிறது. கேலி இல்லை.

ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்ததும் புது ரூபாய் அடித்தார்கள். அதில் ராஜா போட்டிருக்கும் அங்கியில், இந்தியப் பேரரசு விருதின் சங்கிலியில், ஒரு குட்டி யானை. அச்சு வெட்டியவர் தும்பிக்கையைக் கொஞ்சம் குட்டையாக வெட்டிவிட்டார். பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. பன்றி படம் போட்ட காசை முஸ்லிம்கள் எப்படித் தொடுவார்கள்? முணுமுணுப்பு கிளம்பியது. 1857-ல் தோட்டாவில் தடவிய கொழுப்பால் பட்ட பாட்டை ஆங்கிலேயன் மறக்கவில்லை. அடித்தது 94 லட்சம். வெளியே போனது சுமார் 7 லட்சம். மிச்சத்தையெல்லாம் உருக்கிவிட்டான். 1912 ரூபாயில் தும்பிக்கை தெளிவாக நீண்டுவிட்டது. அந்த 1911 ரூபாய்க்கு 'பிக் ருப்பீ' என்றே பெயர்.

ஜார்ஜ் ரூபாய் சேர்க்கிறவனுக்கு இதுதான் 'கீ டேட்'. அப்படியென்றால்? சொல்கிறேன்.

காசு சேர்க்க ஆரம்பிக்கிற எல்லோரும் செய்கிற முதல் தப்பு, கிடைத்ததையெல்லாம் சேர்ப்பது. நானும் செய்தேன். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய சிங்கப்பூர் காசு, சிலோன் காசு, ஓட்டைக் காசு. பிறகு ஒரு நாணயக் கடைக்காரர் சொன்னார்: "எல்லாத்தையும் சேக்கிறவன் எதையும் சேக்கல சார். ஒரு வரிசையைப் பிடிங்க." பிடித்தேன். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய், 1911 முதல் 1922 வரை. பன்னிரண்டு வருஷம். ஆண்டுக்கு ஒன்று வைத்தால் பன்னிரண்டு காசு. கல்கத்தா அச்சகம், பம்பாய் அச்சகம் என்று பிரித்தால் இன்னும் கூடும். பம்பாய்க் காசில் பின்பக்கம் அடியில் உள்ள தாமரைப் பூவுக்குக் கீழே பொடிசாக ஒரு புள்ளி இருக்கும், கல்கத்தாவில் இருக்காது. லென்ஸ் வேண்டும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

அந்த வரிசையில் 1912, 1916, 1918 எல்லாம் வெள்ளி விலைக்கே வந்து விழும். 1921, 1922 கஷ்டம். 1911 இன்னும் கஷ்டம். வரிசையைப் பூட்டி வைத்திருக்கிற சாவி மாதிரி இரண்டு மூன்று வருஷங்கள் இருக்குமே, அவைதான் கீ டேட். அனுபவஸ்தர்கள் சொல்வது: சாவியை முதலில் வாங்கு, மற்றவை தானாக வரும். நாம் எல்லோரும் தலைகீழாகச் செய்வோம். சுலபமானதை எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டு, கடைசியில் ஆல்பத்தில் ஒரே ஒரு ஓட்டையோடு பத்து வருஷம் உட்கார்ந்திருப்போம். அந்த ஓட்டை இருக்கிறதே, அது மனுஷனைத் தூங்க விடாது. நான் கிளிஞ்சல்மேட்டுக்குப் போன அன்று என் ஆல்பத்தில் இருந்த ஒரே ஓட்டை 1911. இதை என் தப்புக்குச் சாக்காகச் சொல்லவில்லை. ஓட்டை எந்த அளவு பெரியது என்று காட்டத்தான் சொல்கிறேன்.

இந்த விளையாட்டை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியவர்கள் அமெரிக்கர்கள். 1909-ல் லிங்கன் தலை போட்ட ஒரு சென்ட் வந்தது. வடிவமைத்தவர் விக்டர் டேவிட் பிரென்னர். தன் பெயரின் மூன்று முதலெழுத்துக்களைப் பின்பக்கம் அடியில் போட்டுக்கொண்டார். 'இதென்ன விளம்பரம்' என்று கிளம்பிய சத்தத்தில் சில நாட்களிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்குள் சான்ஃபிரான்சிஸ்கோ அச்சகத்தில் அடித்தது 4,84,000 மட்டும். இன்றைக்கு அந்த ஒரு சென்ட்டை வாங்க ஒரு மாசச் சம்பளம் வேண்டும். நம்ம ஊர் சம்பளத்தைச் சொல்கிறேன். 1955-ல் இன்னொரு கூத்து. ஃபிலடெல்ஃபியா அச்சகத்தில் ஒரு அச்சு தவறி, எழுத்தெல்லாம் இரண்டு இரண்டாக விழுந்துவிட்டது. நல்ல காசுகளோடு கலந்துவிட்ட பிறகுதான் கவனித்தார்கள். பிரித்து எடுக்க யாருக்குப் பொறுமை? போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் மெஷினில் சிகரெட் பாக்கெட் வாங்கினால் மீதிச் சில்லறையைப் பாக்கெட்டின் கண்ணாடிக் காகிதத்துக்குள்ளேயே செருகி வைத்திருப்பார்கள். அப்படிச் சிகரெட்டோடு சேர்ந்து வெளியே வந்த காசு அது. இதற்கு 'வெரைட்டி' என்று பெயர். வருஷம் ஒன்றுதான், அச்சு வேறு. 2004-ல் வந்த விஸ்கான்சின் மாநிலக் கால் டாலரில்கூட சோளக் கதிரில் ஒரு இலை கூடுதலாக முளைத்த காசுகள் உண்டு. ஒரு இலைக்கு இருநூறு மடங்கு விலை கொடுக்க ஆள் இருக்கிறது.

நம்ம காசிலும் இதெல்லாம் உண்டு. இப்போதே பர்ஸில் இருக்கிற காசை எடுத்து ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைரம் மாதிரி இருந்தால் மும்பை. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. 1985-ல் நம் அச்சகங்களால் முடியாமல் வெளிநாட்டில் அடித்து வாங்கிய ஒரு ரூபாயில் 'எச்' என்ற எழுத்து இருக்கும், அது பர்மிங்ஹாம். எடுத்துப் பார்த்தீர்களா? நாளையிலிருந்து நீங்களும் கடைக்காரர் தரும் சில்லறையைத் திருப்பிப் பார்ப்பீர்கள். மன்னிக்கவும்.

அமெரிக்காவில் வெரைட்டி தேடுகிறவர்களுக்கு என்றே ஒரு புத்தகம் இருக்கிறது. பில் ஃபைவாஸ், ஜே.டி.ஸ்டான்டன் என்ற இருவர் 1990-ல் முதலில் போட்டது. பெயர் 'செர்ரிபிக்கர்ஸ் கைடு'. கடைக்காரரின் டப்பாவில் சாதாரண விலைக்குக் கிடக்கும் காசுகளில், அவருக்கே தெரியாமல் ஒளிந்திருக்கும் அபூர்வத்தைக் கண்டுபிடித்து, சாதாரண விலைக்கே தூக்கிக்கொண்டு வருவது எப்படி என்பதற்கான வழிகாட்டி. திருட்டுப் புத்தகம் இல்லை. மரியாதையான புத்தகம். கடைக்காரர்களே வாங்கி வைத்திருப்பார்கள். உனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது, தெரிந்தவனுக்குப் பரிசு. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

தரங்கம்பாடி தாண்டும்போது எனக்கு ஞாபகம் வந்தது காலேஜில் படித்த மெர்க்கன்டைல் லா. என்.டி.கபூர் புத்தகம். எல்லா பி.காம் மாணவர்களையும் போல நானும் அதைப் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரிதான் திறந்தேன். ஆனால் ஒரு பகுதி மட்டும் மறக்கவில்லை, அதில் குதிரை வருகிறது என்பதால். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பதினேழாவது பிரிவு. மோசடி என்றால் என்ன? சும்மா இருப்பது மோசடி ஆகுமா? ஆகாது என்கிறது சட்டம். உதாரணமும் தருகிறது. ஏ என்பவன் ஒரு குதிரையை ஏலத்தில் பி-க்கு விற்கிறான். குதிரை நோஞ்சான் என்று ஏ-க்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. மோசடி இல்லை. இன்னொரு உதாரணம்: ஏ, பி இரண்டு பேரும் வியாபாரிகள். விலை மாறப்போகிற செய்தி ஏ-க்கு மட்டும் ரகசியமாகத் தெரியும். பி-யிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1815-ல் நியூ ஆர்லியன்ஸ். இங்கிலாந்தோடு நடந்த சண்டை முடிந்து சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி ஆர்கன் என்ற வியாபாரிக்கு விடியற்காலையிலேயே கிடைத்துவிட்டது. ஊருக்குத் தெரிவதற்குள் ஓடிப்போய் ஏராளமான புகையிலையைப் பழைய விலைக்குப் பேசி முடித்தார். செய்தி பரவியதும் விலை ஏறிவிட்டது. 1817-ல் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. நீதிபதி மார்ஷல் சொன்னார்: வாங்குகிறவன் தனக்குத் தெரிந்த செய்தியைச் சொல்லியாக வேண்டும் என்று இல்லை.

எனக்கு நிம்மதி. சட்டம் என் பக்கம். ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்தேன். ஆனால் பாழாய்ப்போன கபூர் விடவில்லை. அதே பதினேழாவது பிரிவில் இன்னும் இரண்டு உதாரணம் இருப்பது நினைவுக்கு வந்தது.

ஒன்று: அதே ஏ, அதே குதிரை. ஆனால் பி என்பது ஏ-யின் மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள். அந்த உறவு இருப்பதால் குதிரை நோஞ்சான் என்று ஏ சொல்லியே ஆகவேண்டும். அடுத்தது: பி சொல்கிறான், 'நீ மறுக்காவிட்டால் குதிரை நல்ல குதிரை என்று எடுத்துக்கொள்வேன்' என்று. ஏ சும்மா இருக்கிறான். இங்கே மௌனமும் பேச்சுதான்.

"தம்பி, பாத்துச் சொல்லு" என்றதே ஆயா!

அந்த இரண்டு வார்த்தையில் இரண்டு உதாரணமும் அடங்கிவிட்டது. ஆயா என்னிடம் விலை பேசவில்லை. யோசனை கேட்டது. தம்பி என்ற உரிமையில் கேட்டது. நான் கேட்டவனாக உட்கார்ந்து, வாங்குகிறவனாக எழுந்து வந்துவிட்டேன். எப்போது ஒன்று மற்றொன்றானது என்று ஆயாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், 1911 என்ற நாலு எண்ணைப் பார்த்த நிமிஷம்.

கோர்ட்டுக்குப் போனால் என் வக்கீல் இதையெல்லாம் ஊதித் தள்ளிவிடுவார். ஆயா எனக்கு அம்மாவும் இல்லை, மகளும் இல்லை. ஆனால் நான் கேட்பது கோர்ட்டைப் பற்றி இல்லையே.

ரோமாபுரியில் சிசரோ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியைப் போட்டு உடைத்திருக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஒரு நல்ல வியாபாரி கப்பல் நிறைய தானியத்தோடு வந்து சேர்கிறான். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதைக் கடலில் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டுமா, சொல்லாமல் நல்ல விலைக்கு விற்கலாமா? டயோஜனிஸ் என்ற தத்துவவாதி, 'பொய் சொல்லாமல் இருந்தால் போதும், தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் விற்பதற்குப் பதிலாக இனாமாகவே கொடுத்துவிடலாமே' என்ற கட்சி. ஆன்டிபேட்டர் என்பவர், 'சொல்லத்தான் வேண்டும், நாம் எல்லோரும் ஒரே மனித குலம்' என்ற கட்சி. சிசரோ ஆன்டிபேட்டர் பக்கம் சாய்கிறார். மறைப்பது வேறு, சும்மா இருப்பது வேறு. உன் லாபத்துக்காக அடுத்தவன் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரியாமல் வைத்திருப்பதுதான் மறைப்பது என்கிறார். நாம் ரோமாபுரி வரைக்கும் போக வேண்டாம். காரைக்காலுக்கு வடக்கே அதே கடலோரத்தில்தான் காவிரிப்பூம்பட்டினம். கொள்வதில் அதிகம் கொள்ளாத, கொடுப்பதில் குறைவு வைக்காத வணிகர்களைப் பட்டினப்பாலை அங்கேதான் காட்டுகிறது. நான் வந்த பஸ் அந்த ஊருக்குப் பக்கமாகத்தான் போனது.

எனக்காக நானே வாதாடியும் பார்த்தேன். இரண்டு வாதம் கிடைத்தது.

முதல் வாதம்: என் அறிவு ஓசியில் வந்ததா? இருபது வருஷம், எத்தனை கேட்லாக், எத்தனை ஞாயிற்றுக்கிழமை! அதற்குக் கூலி வேண்டாமா? நியாயம். வேண்டும்தான். ஆனால் கூலி என்றால் கேட்டு வாங்க வேண்டும். 'ஆயா, இது நாலாயிரத்து ஐநூறு போகும், நான் வாங்கினால் மூவாயிரம் தருவேன்' என்று சொல்லி, அது சரியென்றால் எடுத்து வந்திருக்கலாம். அதில் ஒரு தப்பும் இல்லை. கடைக்காரர்கள் தினமும் செய்வது அதைத்தான். அவர்களுக்கு வாடகை உண்டு, கரண்ட் பில் உண்டு, விற்காமல் கிடக்கும் சரக்கு உண்டு. நான் எடுத்துக்கொண்டது கூலியும் இல்லை, லாபமும் இல்லை. ஆயாவுக்குத் தெரியாது என்பதற்கு நானே போட்டுக்கொண்ட வட்டி.

இரண்டாவது வாதம் இன்னும் அழகானது: நான் வாங்காவிட்டால் அடகுக் கடையில் உருக்கியிருப்பார்கள். நான் சரித்திரத்தைக் காப்பாற்றினேன்!

இந்த வாதத்துக்கு உண்மையான சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். தினமலர் ஆசிரியராக இருந்து 2021-ல் மறைந்த இரா.கிருஷ்ணமூர்த்தி, சங்ககாலக் காசுகளைத் தேடியவர். பெருவழுதி என்று தமிழ் பிராமியில் எழுதிய பாண்டியன் காசு, கரூர் பக்கம் கிடைத்த மாக்கோதை, கொல்லிப்பொறை பெயர் போட்ட சேரர் காசு எல்லாம் அவரால் வெளிச்சத்துக்கு வந்தவை. ஆற்று மணலில் கிடைத்து, எடைக்குப் போய், உருகிப் போயிருக்கக்கூடிய உலோகத் துண்டுகள். அவற்றைப் படித்துச் சொல்லும்வரை அவற்றுக்கு விலை என்று ஒன்றே கிடையாது. அவர் படித்த பிறகு நமக்கு ஒரு ராஜா கிடைத்தான். நான் என்ன படித்தேன்? விலைப் பட்டியல். 1911 ரூபாய் எத்தனை என்று உலகத்துக்கே தெரியும், கிளிஞ்சல்மேட்டு ஆயாவைத் தவிர. இதில் கண்டுபிடிப்பு எங்கே இருக்கிறது?

ஆனால் கடைக்காரர் டப்பாவில் செர்ரி பறிப்பது? அது தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவரிடமும் அதே லென்ஸ் இருக்கிறது, அதே புத்தகம் இருக்கிறது, மேலே ட்யூப்லைட் எரிகிறது. பார்க்காதது அவர் சோம்பேறித்தனம். போன வருஷம் அவர் என் தலையில் ஒன்று கட்டினார், இந்த வருஷம் நான் ஒன்று எடுத்தேன். சீட்டாட்டம் மாதிரி; இரண்டு பேரும் சீட்டு என்று தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறோம். ஆயாவுக்கு அது ஆட்டம் என்றே தெரியாது. கையில் இருந்த சீட்டை என்னிடம் நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டது.

வேடிக்கை என்னவென்றால், காசைப் பற்றித் தெரியாத கரை இல்லை அது. அந்தக் கடலோரம் முழுக்கக் காசுதான். காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. பக்கத்தில் தரங்கம்பாடி, 1845 வரை டேனிஷ்காரர். தெற்கே நாகப்பட்டினம், டச்சுக்காரர். ஒரு நாள் நடையில் மூன்று நாட்டுக் காசு. டச்சுக்காரனின் 'டய்ட்' நம் வாயில் துட்டு ஆகி, அது பிரெஞ்சுக்காரன் வாயில் 'டூடூ' ஆனது என்பார்கள். நம்ம காசு ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆனது. ஒரு பக்கம் புதுச்சேரி, மறுபக்கம் காரைக்கால் என்று தமிழிலேயே எழுதிய பிரெஞ்சுச் செம்புக் காசுகூட உண்டு. பிரெஞ்சுக் கொடி 1954 நவம்பர் முதல் தேதி வரை பறந்த ஊரிலும் வெள்ளி ரூபாய் என்றால் அது ஜார்ஜ் ராஜா தலைதான். ஊர் பேரோ கிளிஞ்சல் மேடு. ஒரு காலத்தில் கிளிஞ்சலும் காசுதானே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திரும்பிப் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பொங்கல் முடியட்டும் என்று இருந்தேன். பிறகு ஒரு கல்யாணம். பிறகு மார்ச் மாதம், 2020. ஊரடங்கு. எனக்கு ஒரு நல்ல சாக்கு கிடைத்தது. ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த 1911 அதன் ஓட்டையில் அம்சமாக உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டும் நிறைந்த ஆல்பம். நான் அதை யாருக்கும் காட்டவில்லை.

போனது 2021 அக்டோபரில். நாலாயிரம் ரூபாயை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஆயா வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆனது.

பன்றிக் கதையைச் சொன்னேன். ஆயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "அடப்பாவிகளா, பன்னியா? மாரியம்மாளுக்கு முடிஞ்சு வச்ச காசுடா அது!" பிறகு கவரைக் கொடுத்தேன். ஏன் என்று சொன்னேன்.

சிரிப்பு நின்றது.

"அன்னிக்கே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் ஆயா."

கவரைத் திருப்பித் தரும், 'போ தம்பி, நீ நல்லாயிரு' என்று சொல்லும் என்று, உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருந்தது. சினிமா அதிகம் பார்த்ததால் இருக்கலாம். ஆயா கவரைப் பிரித்தது. இந்த முறை எண்ணியது. எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக, இரண்டு தடவை.

"கொரோனாவுல தொழிலுக்கே போவல. அப்ப கொண்டாந்திருந்தா ஒதவியிருக்கும்."

என்னிடம் பதில் இல்லை.

"அந்த ரெண்டு காசுக்கு? அதுலயும் ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல ஆயா. அது வெள்ளி விலைதான்."

ஆயா என் முகத்தையே பார்த்தது. பழக்கிவைத்த முகம்தான், ஆனால் அன்று அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை. பிறகு பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தது: "டேய், காசு பாக்குற சார் வந்திருக்கு. ஒன்னோடத எடுத்தா."

இருபது இருபத்திரண்டு வயசுப் பையன் வந்தான். கையில் ஒரு ஐந்து ரூபாய்க் காசு. வைஷ்ணோ தேவி படம் போட்டது, 2012-ல் வந்தது. அந்தக் கோயில் போர்டின் வெள்ளிவிழாவுக்கு அடித்தார்கள். இன்றும் டீக்கடையில் செல்லும். பையன் போனைத் தட்டி ஒரு வீடியோவைக் காட்டினான். இந்தக் காசு வைத்திருந்தால் பத்து லட்சம் என்று ஒருவர் அலறிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துப் போன் போட்டிருக்கிறான். பேசினவர் வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் அனுப்ப வேண்டுமாம், இரண்டாயிரத்து ஐநூறு.

அந்த ஆகஸ்டில்தான் ரிசர்வ் வங்கி எச்சரிக்கை கொடுத்திருந்தது. பழைய காசு, பழைய நோட்டு வாங்குகிறோம் என்று எங்கள் பெயரைச் சொல்லிக் கட்டணம், கமிஷன், வரி கேட்கிறார்கள், நம்பாதீர்கள் என்று. எடுத்துக் காட்டினேன். இங்கிலீஷில் இருந்தது. நானே தமிழில் படித்துச் சொன்னேன்.

"தம்பி, இது அஞ்சு ரூபாதான். லட்சக்கணக்குல அடிச்ச காசு. காசு அனுப்பாத, போயிடும்."

பையன் காசைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஆயாவின் மடியில் இருந்த கவரைப் பார்த்தான்.

"ஆயா, இந்த சார்தானே அன்னிக்கு ஐநூறுன்னு சொன்னாரு?"

ஆயா ஒன்றும் சொல்லாமல் கருவாட்டைத் திருப்பிப் போட ஆரம்பித்தது. பையன் அந்த ஐந்து ரூபாயைச் சட்டைப் பைக்குள் பத்திரமாகப் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

"சரி சார். நான் வேற யார்கிட்டயாவது விசாரிச்சுக்கிறேன்."